யாரும் சிரிக்காத இடம்

புதுப் படத்தின் முதல் காட்சியில் நீங்கள் திரையைப் பார்க்கக் கூடாது. பக்கத்துக் கதவோரம், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கூட்டத்தைப் பார்க்க வேண்டும். தியேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் இதைச் சொன்னால், பெருசு ஏதோ உளறுகிறது என்று நினைப்பீர்கள். எல்லாம்தான் கம்ப்யூட்டரில் தெரிகிறதே என்பீர்கள். எத்தனை பேர் வந்தார்கள் என்று கம்ப்யூட்டர் சொல்லும். வந்தவர் எந்த இடத்தில் கொட்டாவி விட்டார், எந்த இடத்தில் செல்போனை எடுத்தார் என்று அது சொல்லாது. அதற்குத்தான் ஒரு மேனேஜர் வேண்டியிருக்கிறது.

காஞ்சிபுரத்தில் ஒரே ஒரு திரை கொண்ட தியேட்டரில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். புதுப் படம் வந்தால் விநியோகஸ்தர் ஆபீஸிலிருந்து முதல் காட்சி இடைவேளையிலேயே போன் வந்துவிடும். எங்கே கை தட்டினார்கள், எங்கே சிரித்தார்கள், எங்கே எழுந்து போனார்கள் என்று கேட்பார்கள். 'படம் சூப்பர் சார்' என்று பதில் சொல்கிற மேனேஜர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். சூப்பர் என்று போஸ்டரே சொல்கிறது, அதற்குச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைப்பார்களா? நான் ஒவ்வொரு இடமாகச் சொல்வேன். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒரே ஒரு முறை, கூட்டம் முழுவதும் அமைதியாக இருந்த ஓர் இடத்தைப் பற்றி என்ன சொல்வது என்று தெரியாமல் போனை வைத்துவிட்டேன். அதைத்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு பெரிய இயக்குநரின் வாழ்க்கையைப் படமாக எடுத்திருந்தார்கள். அவர் பேரைச் சொன்னால் உங்கள் அம்மாவுக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவர் காலமான பிறகு வந்த படம். அது வெளியான வெள்ளிக்கிழமையே அமாவாசையாக அமைந்துவிட்டது. மற்ற ஊர்களில் சனி, ஞாயிறைப் பார்த்துப் படம் போடுவார்கள். எங்கள் ஊரில் நாங்கள் அமாவாசையையும் பார்ப்போம். அன்றைக்குப் பட்டுத் தறி ஓடாது, நெசவாளர்கள் குடியிருக்கும் பிள்ளையார்பாளையமே வீட்டில் இருக்கும். கோயிலுக்குப் போய்விட்டு, சாப்பிட்டுப் படுத்து எழுந்து, சாயங்காலம் சினிமாவுக்கு வருவார்கள்.

அந்தச் சாயங்காலக் காட்சி டிக்கெட்டை ஒரு தெரு மொத்தமாக எடுத்திருந்தது. காரணம், ஏகாம்பரம்.

ஏகாம்பரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளி. எண்பதை நெருங்கியவர். இளவட்டமாக இருந்தபோது அந்த இயக்குநர் எங்கள் ஊருக்குப் படம் பிடிக்க வந்தார். ஓர் அமாவாசையன்று கோயில் வாசலில் ஷூட்டிங். வேடிக்கை பார்க்கப் போன கூட்டத்தில் ஏகாம்பரமும் நின்றிருந்தார். முகம் பிடித்துப்போய், இயக்குநரே அவரைக் கூப்பிட்டுச் சாமி தூக்குகிறவராக வேஷம் கட்டிவிட்டார். ஒரே ஒரு வசனம். கணவனைப் பிரிந்து, கோயில் வாசலில் நிலைகுலைந்து நிற்கும் கதாநாயகியிடம், "சாமி புறப்பட்டாச்சும்மா, வழி விடுங்க" என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது ஏகாம்பரத்தின் கண்ணிலிருந்து நீர் வழியும். படம் பெரிய ஓட்டம் ஓடியது. யாரோ ஒரு சாமி தூக்கிக்கு அவளுடைய துக்கம் எப்படிப் புரிந்தது என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் ஊரில் அந்தக் கண்ணீரைப் பற்றித் தெரியாதவர்கள் கிடையாது.

அதற்குப் பிறகு அவர் நடிக்கவில்லை. தறியில் உட்கார்ந்துவிட்டார். ஆனால் அந்தக் கதையை மட்டும் விடவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வந்தாலும் சரி, புடவை வாங்க வெளியூரிலிருந்து வந்தாலும் சரி, காபி கொடுத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார். "ஷாட் முடிஞ்சதும் டைரக்டரு ஓடியாந்து என்னைக் கட்டிப் புடிச்சிக்கினாரு. அத்தனை பேருக்கு முன்னால" என்று முடிப்பார். தெருவில் சின்னப் பிள்ளைகள் அவரைக் கண்டால் "சாமி புறப்பட்டாச்சும்மா" என்று கத்துவார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வழி விடுவார். மனைவி போன பிறகு அவருக்கு இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான் என்று அவர் மகள் புவனா ஒருமுறை என்னிடம் சொன்னாள்.

புதுப் படத்தில் எங்கள் ஊர் ஷூட்டிங்கும் வருகிறது என்று பேப்பரில் பார்த்ததும் தெருப் பையன்கள் குதித்தார்கள். சாயங்காலம் படம் தொடங்கும் முன், மேடையில் ஏகாம்பரத்துக்கு மாலை போட வேண்டும், பட்டு அங்கவஸ்திரம் போர்த்த வேண்டும் என்றார்கள். நானும் சந்தோஷமாக ஒப்புக்கொண்டேன். திரைக்குப் பக்கத்தில் அப்படி ஒரு காரியம் நடந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது.

காலைக் காட்சிக்கு வழக்கம்போல் கதவோரம் நின்றேன். கூட்டம் நல்ல மனநிலையில் இருந்தது. இடைவேளைக்குச் சற்று முன் எங்கள் ஊர்க் கோயில் கோபுரம் திரையில் வந்ததும் விசில் பறந்தது. பிறகு ஒரு சிரிப்புச் சத்தம். பிறகு இன்னும் பெரிய சிரிப்பு. இவ்வளவு சிரிக்க இந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று நான் திரும்பித் திரையைப் பார்த்தேன்.

சாமி தூக்குகிறவராக நடித்தவர் பேர்போன ஒரு காமெடி நடிகர். வசனத்தை மாற்றி மாற்றிச் சொல்கிறார். முதலில் கதாநாயகிக்குக் கும்பிடு போடுகிறார். அடுத்த தடவை கேமராவையே பார்க்கிறார். பொழுது சாய்கிறது. இயக்குநராக நடித்தவர் விறுவிறு என்று வந்து, அத்தனை கூட்டத்துக்கு முன் பளார் என்று ஓர் அறை விடுகிறார். கேமராவை ஓட்டச் சொல்லிக் கத்துகிறார். அறை வாங்கியவர் கன்னம் சிவக்க, கண்ணில் நீர் வழிய, "சாமி புறப்பட்டாச்சும்மா, வழி விடுங்க" என்கிறார். உதவியாளர்கள் கை தட்டுகிறார்கள். தியேட்டரும் தட்டியது. மேதை என்றால் இப்படித்தான் வேலை வாங்குவார் என்று காட்டுகிறார்கள். கட்டிப் பிடிப்பது கிடையாது. அடுத்த காட்சியில் சென்னைக்குப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் ஒரு மனிதருக்கு மாலை போட்டு உட்காரவைத்து, அவர் அறை வாங்குவதைத் தெருவோடு சேர்ந்து பார்க்கவைக்கப் போகிறோம்.

அந்தக் காலைக் கூட்டத்தில் புவனாவும் இருந்தாள். பள்ளிக்கூட டீச்சர். அன்றைக்கு லீவு போட்டு வந்திருந்தாள். சாயங்காலம் அப்பா முகத்தை வீடியோ எடுக்க என்னிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தாள். எந்த இடத்தில் எடுக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் காலையில் வந்தது. இடைவேளையில் என் அறைக்கு வந்தவள் உட்காரவில்லை.

"சார், அந்த சீனை வெட்டிடுங்க."

"வெட்ட முடியாதும்மா. பிலிம் பெட்டி வந்த காலம்னா வெட்டியிருப்பேன். இப்ப எல்லாம் கம்ப்யூட்டர்ல பூட்டு போட்டு வருது."

"கரண்டு போன மாதிரி பண்ணுங்க சார். அந்த ஒரு நிமிஷம்."

செய்ய முடியும். புரொஜெக்டர் விளக்கை மறைத்துவிட்டு, சத்தத்தை நிறுத்தினால் போதும். ஆனால் தெருவே காத்துக்கொண்டிருக்கும் காட்சி அது. அந்த நிமிஷம் பார்த்து இருட்டானால் மறுநாளே ஒவ்வொருவரும் வேறு ஊரில் போய்ப் பார்ப்பார்கள், எதை மறைத்தோம் என்று பேசுவார்கள். அதைச் சொன்னேன். அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவோம், வருவதும் வராததும் அவர் இஷ்டம் என்றேன். என்னுடைய யோசனை அதுதான். இன்றைக்கும் அதுதான் சரி என்று நினைக்கிறேன்.

புவனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேணாம் சார். காலைலேருந்து ஜிப்பாவை எடுத்து எடுத்துப் பாத்துக்கினு இருக்காரு. அப்பா பொய் சொல்லிட்டாருன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவருக்குத் தெரியவே கூடாது. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"சரிம்மா."

"மத்தத நான் பாத்துக்கறேன்."

அவர் மகள் அவள். நான் வெறும் மேனேஜர். அவளிடமே விட்டுவிட்டேன்.

அவள் என்ன பார்த்துக்கொண்டாள் என்று சாயங்காலம் வாசலில் தெரிந்தது. தெரு முழுவதும் தலை சீவி, பூ வைத்து வந்து இறங்கியது. அவர்களில் ஒருவர், ஏகாம்பரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர், என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "புவனா எல்லாம் சொல்லிடிச்சி சார். மத்தியானம் வூடு வூடா வந்துச்சி. அந்த எடத்துல யாரும் சிரிக்கக் கூடாதுன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சி. பசங்களுக்கும் சொல்லி வெச்சிருக்கோம். நீங்க கவலப்படாதீங்க."

மற்ற நாளாக இருந்தால் அவளால் அது முடிந்திருக்காது. தறிச் சத்தத்தில் நின்று பேச முடியாது, பாதிப் பேர் கூலிக்கு நெய்ய முதலாளி வீட்டுக்குப் போயிருப்பார்கள். அமாவாசை என்பதால் எல்லாரும் வீட்டில் இருந்திருக்கிறார்கள். ஒரு வீடு பாக்கியில்லாமல் போயிருக்கிறாள். பெற்ற பெண் இதற்கு மேல் என்ன செய்ய முடியும் என்று எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஆபத்து தாண்டிவிட்டது என்றே நினைத்தேன்.

மாலை போட்டார்கள். அங்கவஸ்திரம் போர்த்தினார்கள். மைக்கைக் கொடுத்ததும் ஏகாம்பரம் அந்த வசனத்தைச் சொன்னார். தியேட்டர் அதிர்ந்தது. மாலையைக் கழற்றாமலே முன்வரிசையில் உட்கார்ந்தார். பக்கத்தில் புவனா. செல்போனைப் பைக்குள் வைத்துவிட்டாள்.

படம் ஓடியது. சிரிக்க வேண்டிய மற்ற இடங்களில் தெரு வாய்விட்டுச் சிரித்தது. கோபுரம் வந்தது. விசில் வந்தது. காமெடி நடிகர் சாமி தூக்குகிறவராக வந்து நின்றார்.

அத்தோடு சத்தம் நின்றது.

நான் எத்தனையோ அமைதியைப் பார்த்திருக்கிறேன். பயத்தில் வருகிற அமைதி, அழுகைக்கு முன் வருகிற அமைதி, சலிப்பில் வருகிற அமைதி. இது அந்த வகை எதுவும் இல்லை. அந்த நடிகர் திரையில் கோணங்கித்தனம் பண்ணுகிறார், ஒரு குழந்தை கூடச் சிரிக்கவில்லை. அறை விழுந்தபோது அந்தச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது. பாதிப் பேர் திரையைப் பார்க்காமல் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஏகாம்பரம் திரையைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். யாரும் அவர் கண்ணைச் சந்திக்கவில்லை. என்னிடம் வந்து நின்றது அந்தப் பார்வை. நானும் குனிந்துகொண்டேன்.

இடைவேளை விட்டதும் புவனாவிடம் ஏதோ சொல்லிவிட்டு அவர் நேராக என் அறைக்கு வந்தார். மாலையைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்தார்.

"தம்பி, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். காலைல இந்த எடத்துல ஜனங்க சிரிச்சாங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "சிரிச்சாங்க ஐயா."

"நல்லா சிரிச்சாங்களா?"

"நல்லாத்தான் சிரிச்சாங்க."

தலையாட்டிக்கொண்டார். "அதான் பாத்தேன். சிரிக்கறதுக்குன்னே எடுத்திருக்கான். எங்காளுங்களும் சிரிச்சிருந்தா நானும் கூட சேந்து சிரிச்சிட்டு, அது சினிமாக்காரன் கட்டின கதைடான்னு சொல்லிட்டு எந்திரிச்சிப் போயிருப்பேன். ஒருத்தன் சிரிக்கலியே. அப்ப அல்லாருக்கும் முன்னாலேயே தெரிஞ்சிருக்குது. இத்தினி வருசமா நான் சொல்லச் சொல்ல, தெரிஞ்சிக்கினே கேட்டுக்கினு இருந்திருக்காங்க."

அப்படி இல்லை, இன்று மத்தியானம்தான் தெரியும், உங்கள் மகள் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால், மகளுக்குத் தெரிந்ததும், அவளே ஊருக்குச் சொன்னதும் சேர்ந்து வெளியே வரும். சொல்லாவிட்டால், தெரு அவரை வாழ்நாள் முழுவதும் ஏமாளியாக்கியது என்று நினைத்துக்கொண்டே போவார். யோசிக்க நேரம் இல்லாதபோது மனிதன் கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொள்வான். நான் புவனாவுக்குக் கொடுத்த வாக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த அறை வாங்கினது நெசம்தான் தம்பி" என்றார். "ஆனா கட்டிப் புடிச்சதும் நெசம்."

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"லைட்டெல்லாம் கழட்டிக்கினு இருந்தாங்க. நான் கோயில் மதில் ஓரமா குந்திக்கினு இருந்தேன். அவரே தேடிக்கினு வந்தாரு. ஆளுங்க கொஞ்சம் பேரு பாத்தாங்க. கட்டிப் புடிச்சி, காதுல, 'என்னை மன்னிச்சிடுய்யா, வெளிச்சம் போயிட்டு இருந்துச்சு, எனக்கு வேற வழி தெரியல'ன்னாரு. அவரு மேலெல்லாம் வேர்வை. உடம்பு நடுங்கிச்சி அவருக்கு. அம்மாம் பெரிய மனுசன்."

"இதை ஏன் ஐயா யார்கிட்டயும் சொல்லல?"

"மன்னிப்புக் கேட்டாருன்னா, எதுக்குக் கேட்டாருன்னு கேப்பாங்களே" என்றார். "அதான் கட்டிப் புடிச்சத மட்டும் வெச்சிக்கினேன். நான் ஒரு பாதிய வெச்சிக்கினேன், இவங்க இன்னொரு பாதிய எடுத்துட்டாங்க."

நான் அவரை நம்பினேன். கதை கட்டுகிறவர் மன்னிப்பைக் கட்டுவார், அந்த நடுக்கத்தைக் கட்ட மாட்டார். நம்புகிறேன் என்று சொல்லவும் செய்தேன். என் கையை ஒரு தடவை அழுத்திப் பிடித்தார். இதை வெளியே வந்து எல்லாரிடமும் சொல்லலாம், மைக்கை நானே தருகிறேன் என்றேன். அவர் பதில் சொல்வதற்குள் புவனா கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. இழுத்து வைத்த சிரிப்பு. மேஜை மேல் இருந்த மாலையை எடுத்துத் தன் கையில் மாட்டிக்கொண்டாள்.

"பாருப்பா, இவனுங்க எடுத்திருக்கற லட்சணத்த. டைரக்டரு உன்னைக் கட்டிப் புடிச்சாரே, அதைப் போய் விட்டுட்டாங்க பாரு. விசாரிக்காம எடுத்தா இப்படித்தான்."

அவருக்காகப் பொய் சொல்கிறாள் என்பது எனக்கே தெரிந்தது. பெற்றவருக்குத் தெரியாமல் இருக்குமா? அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து அழுது வீங்கிய கண்ணைப் பார்த்தார். வெயிலில் வீடு வீடாக நடந்து கறுத்திருந்த முகத்தைப் பார்த்தார். அவர் என்ன கண்டுகொண்டார் என்று எனக்குத் தெரியாது. அவர் வாயைத் திறந்தபோது, என்னிடம் சொன்னதை அவளிடமும் சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"கட்டிப் புடிக்கவும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா" என்றார். "நான் சும்மா சொன்னது."

புவனாவின் தோள் அப்படியே தளர்ந்தது. பெரிய பாரம் இறங்கியதுபோல் மூச்சு விட்டாள். "எனக்குத் தெரியும்பா" என்றாள். "அதனால இன்னா இப்ப? நான் எதுனா கேட்டனா?"

"கேக்கல" என்றார் ஏகாம்பரம்.

அவள் சிரித்தாள். இந்த முறை அது நிஜச் சிரிப்பு. அவரும் சிரித்தார். அவர் கையைப் பிடித்துப் படியில் இறக்கி, ஸ்கூட்டியின் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போனாள். விநியோகஸ்தர் ஆபீஸிலிருந்து போன் அடித்துக்கொண்டிருந்தது. கோயில் சீனுக்குச் சாயங்காலம் எப்படி என்று கேட்டார்கள்.